பன்னிரண்டு மாதமும் ஒரு நகரம்

புகைப்படம் எடுக்காத வீடு இன்று இல்லை என்றே சொல்லிவிடலாம். சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியே காமிராவாகவும் பயன்படுகிறது. திருமணம், பிறந்த நாள், திருப்பதிப் பயணம், உதகைச் சுற்றுலா என்று ஒன்றையும் விடாமல் எடுத்து வைக்கிறோம். ஆயினும், நாள்தோறும் நடந்து போகும் தெருவையும், அன்றாடம் ரயிலுக்குக் காத்து நிற்கும் நிலையத்தையும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியையும் படமெடுத்து வைத்திருப்பவர் நம்மில் எத்தனை பேர்? விருந்தாளியாகப் போன ஊரைப் பதிவு செய்கிறோம். குடியிருக்கும் ஊரை விட்டுவிடுகிறோம். அது எங்கே போய்விடப் போகிறது என்னும் நம்பிக்கைதான் அதற்குக் காரணம். அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு ஆதாரம் உண்டு என்பதைத் தாம்பரம் போன்ற ஓரிடத்தில் இருபதாண்டு குடியிருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தமக்கு விருப்பமான ஒரு பெருநகரைத் தேர்ந்துகொண்டு, ஆண்டின் பன்னிரண்டு மாதமும் அதை இடைவிடாமல் படமெடுத்து வருவது ஒரு நல்ல பொழுதுபோக்கு. அதை எவ்வாறு செய்வது, அதனால் விளையும் பயன் யாது என்பவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நான் தொழிலால் புகைப்படக்காரன் அல்லன். பள்ளியில் பூகோளமும் சரித்திரமும் கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பூகோளம் இடத்தைப் பற்றியது. சரித்திரம் காலத்தைப் பற்றியது. ஓர் இடத்தைப் பல காலங்களில் படமெடுப்பது இவ்விரண்டையும் ஒருங்கே படிப்பது போன்றது என்பதனால் இந்த வேலை எனக்குப் பிடித்துப் போயிற்று.

ஒரு நகரைத் தொடர்ந்து படமெடுக்கும் வழக்கம் புதியதன்று. பிரான்சு நாட்டுத் தலைநகரான பாரிசில் 1860ஆம் ஆண்டுகளில் பழைய குறுகிய தெருக்களை இடித்துவிட்டு அகன்ற சாலைகளை அமைத்தார்கள். இடிபடப் போகும் தெருக்களைப் படமெடுத்து வைக்கும் பொறுப்பை அந்நகர நிர்வாகம் சார்லஸ் மார்வில் என்பவரிடம் ஒப்படைத்தது. அவர் எடுத்த நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் இல்லையேல், அந்தப் பழைய பாரிஸ் எப்படி இருந்தது என்பது பலருக்குத் தெரியாமலே போயிருக்கும். அவருக்குப் பின் யூஜீன் அட்கே என்பவர், 1927இல் தாம் இறக்கும் வரையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதே நகரின் கடைகளையும், வாயிற்படிகளையும், முற்றங்களையும், பூங்காக்களையும் பெரிய மரக் காமிராவைச் சுமந்து சென்று படமெடுத்தார். ஓவியர்களுக்குப் பயன்படும் மாதிரிப் படங்களாகவே அவற்றை அவர் விற்றுவந்தார். பின் வந்தவர்களோ, ஒரு நகரத்தின் முழு உருவத்தையும் அவற்றில் கண்டார்கள். எடுக்கும்போது ஒரு பயனுக்காக எடுத்த படம், நாளடைவில் எடுத்தவர் நினையாத பயனைத் தருகிறது. இதை நாம் மறக்கலாகாது.

நம் சென்னையும் இக்கலையில் பின்தங்கியிருந்ததில்லை. புகைப்படக் கலை உலகில் தோன்றி இருபது ஆண்டுகள் ஆவதற்குள்ளேயே இங்கே அதற்கென ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டது. மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி தன் தோற்றத்தை 1857 என்று குறித்துக்கொள்கிறது. இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக விளங்கும் கலைப் பள்ளியை 1850இல் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் அந்நாளில் இம்முயற்சியில் முன்னின்றவர். அதே காலத்தில் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக அமர்ந்த லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி, 1857, 1858ஆம் ஆண்டுகளில் திருவரங்கம், தஞ்சாவூர், மதுரை முதலிய ஊர்களுக்குச் சென்று கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிச் செல்லும் கல்வெட்டை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். கல்லில் உள்ள எழுத்தைக் காகிதத்துக்குக் கொண்டுவந்த அச்செயலை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. அவரிடம் இருந்தது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். நம்மிடம் இருப்பது பொத்தானைத் தொட்டால் படம் தரும் கருவி. குறைவாக இருப்பது பொறுமை ஒன்றுதான்.

சென்னை என்றவுடன் படமெடுப்போர் மெரினாவுக்கும், சென்ட்ரல் நிலையத்துக்கும், மயிலைக் கபாலீசுவரர் கோயில் குளத்துக்கும் ஓடுகிறார்கள். அவை அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் தெற்கே பரங்கிமலையிலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் வரையிலும், கிழக்கே பள்ளிக்கரணை வரையிலும் பரந்துள்ள நம் புறநகர்ப் பகுதி அதற்குச் சற்றும் குறைந்ததன்று. இந்தியத் துணைக்கண்டத்தை அளந்த மாபெரும் நில அளவைக்குரிய முதல் அடிக்கோட்டை, 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்பவர் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பெரும்பாக்கம் குன்று நோக்கி, ஏழரை மைல் தூரத்துக்குச் சங்கிலி பிடித்து அளந்தார். ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலாளர், 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் பல்லாவரத்துச் சரளை மண்ணில் பழைய கற்கால மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம் குன்றுகளின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்பதைக் கண்டு, தாமஸ் ஹாலந்து என்பவர் 1893இல் இப்பெயரை இட்டார். தென்னிந்தியாவின் முதல் மின்சார ரயில் 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடியது. மீட்டர் பாதையில் ஓடிய அந்த வண்டிகள் 2004ஆம் ஆண்டோடு நின்றுபோயின. அவற்றில் பல்லாண்டு பயணம் செய்த இலட்சக்கணக்கானவர்களில், அந்த வண்டியின் உட்புறத்தைப் படமெடுத்து வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, முறையைச் சொல்கிறேன். முதலாவதாக, இடங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டு இடங்கள் போதும். ஓர் ஏரிக்கரை, ஒரு ரயில் நிலைய மேம்பாலம், ஒரு சந்தைத் தெரு, ஒரு கோயில் வாயில், ஒரு குன்று, ஒரு சாலை முனை, ஒரு பெரிய மரம், ஒரு பள்ளிக்கூட வாயில், ஒரு தேநீர்க் கடை என்று வகைக்கு ஒன்றாக இருக்கட்டும். நடந்து செல்லக்கூடிய தூரத்தில் இருந்தால் நல்லது. முழங்கால் அனுமதிக்கும் அளவை அறிந்து தேர்வு செய்வது என்னைப் போன்ற வயதினருக்கு இன்னும் நல்லது. இரண்டாவதாக, ஒவ்வோர் இடத்திலும் நிற்கும் புள்ளியை நிலையாக வைத்துக்கொள்ள வேண்டும். மதகின் இடக்கல், படிக்கட்டின் ஏழாவது படி, விளக்குக் கம்பத்தின் அடி என ஏதேனும் ஓர் அடையாளம் வேண்டும். அதே புள்ளி, அதே திசை, அதே உயரம். இம்மூன்றும் மாறாதிருந்தால்தான், மாறுவது ஊர் என்று துணிந்து சொல்லலாம். விஞ்ஞானப் பாடத்தில் சோதனை செய்யும்போது ஒன்றை மட்டும் மாறவிட்டு மற்றவற்றை நிறுத்தி வைக்கிறோம் அல்லவா? இதுவும் அதே முறைதான்.

மூன்றாவதாக, கதிரவனின் போக்கை அறிந்துகொள்ள வேண்டும். கதிரவன் கிழக்கில் உதிக்கிறான் என்று சிறுவர்க்குக் கற்பிக்கிறோம். சரியாகக் கிழக்கில் அவன் உதிப்பது ஆண்டில் இரு நாட்களில்தான். மற்ற நாட்களில், நம் அட்சரேகையில், நேர்க்கிழக்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 24 பாகை வரையிலும், தெற்கே அதே அளவிலும் உதயப் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஜூன் மாதத்தில் காலை 5.40 மணியளவில் உதிப்பவன், ஜனவரிக் கடைசியில் 6.35 மணியளவில்தான் வருகிறான். தாம்பரத்தில் இருப்புப் பாதை வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் செல்கிறது. ஆகவே மார்கழியில் காலை வெயில் தண்டவாளங்களுக்குக் குறுக்கே விழுந்து, ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் ஒரு கரிய நிழலைத் தருகிறது. ஆனி மாதத்திலோ வெயில் பாதையின் நீளவாட்டத்தை ஒட்டிச் சாய்ந்து வருகிறது. வண்டியின் முகம் பளிச்சென்று தெரிகிறது. அதே மேம்பாலம், அதே 7 மணி வண்டி. ஆனால் இரண்டு வெவ்வேறு படங்கள்.

இன்னும் ஒரு விந்தை உண்டு. கடகரேகைக்குத் தெற்கே நாம் இருப்பதால், ஆண்டில் இருமுறை நண்பகலில் கதிரவன் நம் உச்சிக்கு நேராக வந்துவிடுகிறான். நம் பகுதியில் அது ஏப்ரல் 24ஆம் நாளை ஒட்டியும், ஆகஸ்டு 18ஆம் நாளை ஒட்டியும் நிகழ்கிறது. அன்று பன்னிரண்டு மணி கடந்த சில நிமிடங்களில் நட்டுவைத்த கம்பத்துக்கு நிழலே இராது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. வடக்கு நோக்கிய சுவர்களிலும் கோபுரங்களிலும் உச்சி வெயில் படுவதை இந்த நான்கு மாதங்களில் மட்டுமே காணலாம். எஞ்சிய எட்டு மாதமும் அவை நிழலில் இருக்கும். ஒரு கட்டடத்தை எந்த மாதத்தில் எடுக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கு ஒன்றே சொல்லிவிடும்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். படமெடுப்பவனுக்கு நாட்காட்டியின் பன்னிரண்டு தாள்களைவிட இந்த ஆறு பகுப்புகள் பெரிதும் உதவுகின்றன. நம் கடற்கரைப் பகுதியில் பெருமழை பெய்வது கார்காலத்தில் அன்று, கூதிர் காலத்தில்தான். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றில் கிடைக்கிறது. கார்காலத்தில் நமக்குக் கிடைப்பது மாலை நேரத்து இடிமழை. மேற்கு வானில் கருமேகம் திரண்டு, அதன் கீழ்விளிம்பில் மஞ்சள் ஒளி ஒரு கோடாகத் தெரியும் அந்தக் கால்மணி நேரத்தில் பரங்கிமலையும் திருசூலத்துக் குன்றுகளும் பெறும் வண்ணத்தை வேறு எந்தப் பருவத்திலும் பெற முடியாது.

முன்பனிக் காலத்தில் விடியற்காலையில் மேற்குத் தாம்பரத்துத் தெருக்களில் நடந்தால், மார்கழிக் கோலங்கள் ஈரத் தரையில் வெள்ளையாக விளங்கும். போகியன்று எழும் புகை விமானங்களையே தாமதப்படுத்தும் அளவுக்கு அடர்ந்திருந்த ஆண்டுகளும் உண்டு. அந்தப் புகையில் ரயில் விளக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் போல் தோன்றும். பொங்கலுக்கு ஊர் செல்லும் கூட்டத்தை முன்பு கோயம்பேட்டிலும் பெருங்களத்தூரிலும் எடுத்தவர்கள், 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அங்கே போய் எடுக்கிறார்கள். பின்பனியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வெளிநாட்டுப் பறவைகளைக் காணலாம், பூநாரைகளும் வருவதுண்டு. அச்சதுப்பு நிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இளவேனிலில் சரக்கொன்றையும், மே மலர் என்று பிள்ளைகள் அழைக்கும் செம்மயிற்கொன்றையும் பூத்து நிற்கும். 1937இல் சென்னை நகருக்குள்ளிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கிறித்தவக் கல்லூரியின் புதர்க்காட்டை அப்பொழுது வெளிச்சாலையிலிருந்து பார்த்தாலே கண்ணுக்குக் குளிர்ச்சி. முதுவேனிலில் வானம் வெளுத்து, தூசி நிறைந்து, குன்றுகள் மங்கித் தெரியும். அழகான படம் அமையாது என்று பலரும் காமிராவை உள்ளே வைத்துவிடுவது அப்பொழுதுதான். உண்மையில், விடாமல் எடுக்க வேண்டியது அந்தப் பருவத்தையே. காரணத்தைச் சொல்கிறேன்.

ஓர் ஏரியைச் சித்திரையில் பார்த்தால் வெடித்த மண்ணும், சில முட்செடிகளும், மேயும் மாடுகளும் தெரியும். கார்த்திகையில் பார்த்தால் கரை முட்டத் தண்ணீர் தெரியும். இவற்றுள் எது ஏரி? இரண்டும் ஏரிதான். நம் தமிழ்நாட்டு ஏரிகள் ஆண்டு முழுவதும் நிறைந்திருக்க வேண்டியவை அல்ல. நிறைந்து, வடிந்து, வற்றி, மறுபடியும் நிறைய வேண்டியவை. வற்றிய நிலையை மட்டும் கண்டவன் அதை வெற்று நிலம் என்று எண்ணுவான். நிறைந்த நிலையை மட்டும் கண்டவன் அதை நிலையான நீர் என்று எண்ணுவான். பன்னிரண்டு படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தவனுக்குத்தான் அது நீருக்காக விட்டு வைத்த இடம் என்பது புரியும்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அருகில் உள்ள செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் நீரும் சேர்ந்து வர, அடையாறு பெருகி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்துகொண்டது. முதல் மாடியிலிருந்து மக்களைப் படகில் இறக்கினார்கள். அந்த நாட்களில் எடுத்த வெள்ளப் படங்கள் எண்ணிறந்தன. ஆனால் அதே இடங்களை அதற்கு முந்தைய ஐந்து, பத்து ஆண்டுகளில் எடுத்த படங்கள் மிகக் குறைவு. வாய்க்கால் இங்கே இருந்தது என்று ஒருவரும், இருந்ததே இல்லை என்று ஒருவரும் வாதிட்டால், எதைக் கொண்டு தீர்ப்பது? நான்கு ஆண்டுகள் கழித்து, 2019ஆம் ஆண்டுக் கோடையில், செம்பரம்பாக்கமும் புழலும் வற்றிப்போய்ச் சென்னை தண்ணீருக்குத் தவித்தது. வானத்தில் செல்லும் செயற்கைக்கோள் முந்தைய ஆண்டும் அந்த ஆண்டும் எடுத்த புழல் ஏரிப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பத்திரிகைகள் வெளியிட்டபோது, உலகமே நம் நிலையை உணர்ந்தது. அவ்விரு படங்களுக்கும் ஆற்றலைத் தந்தது, ஒரே இடத்தை இரு காலங்களில் எடுத்தது என்பதே. செயற்கைக்கோள் வானிலிருந்து செய்ததை நாம் மதகின் இடக்கல்லில் நின்று செய்யலாம்.

என் அனுபவத்தில் ஒரு நிகழ்ச்சி. பழைய மாணவர் ஒருவர், வீட்டு மனை ஒன்று வாங்குவதற்காக முன்பணம் கொடுத்துவிட்டு, அதன் விளம்பரத் தாளுடன் என்னைப் பார்க்க வந்தார். தாளில் வண்ணப் படம் அச்சாகியிருந்தது: சமதரை, வரிசையாக நட்ட கற்கள், தூரத்தில் குன்று. “இடம் எப்படி இருக்கிறது, சார்?” என்று கேட்டார். குன்றின் வடிவத்தைக் கொண்டு, நான் மாதந்தோறும் எடுக்கும் பன்னிரண்டு இடங்களில் ஒன்றுக்கு அடுத்த நிலம் அது என்று கண்டுகொண்டேன். ஒன்றும் சொல்லாமல், அந்த இடத்துப் படங்களை மேசையில் பரப்பினேன். விளம்பரத் தாளில் இருந்தது வைகாசி மாதத்துத் தோற்றம். என்னிடம் இருந்த கார்த்திகைப் படத்தில், அந்தக் கற்கள் நிற்கும் இடத்தில் கொக்குகள் நின்றுகொண்டிருந்தன. அவர் நெடுநேரம் பார்த்தார். “முன்பணம் போய்விடும், சார்” என்றார். “மழைக்காலம் வரும்போது அதைப் போல் பல மடங்கு போகும், தம்பி” என்றேன். மறுநாள் அவரே அங்கு போய், அக்கம்பக்கத்தில் மாடு மேய்ப்பவர்களை விசாரித்து, மனையை விட்டுவிட்டார். முன்பணம் திரும்பவில்லை.

இந்நிகழ்ச்சி இத்துடன் முடிந்திருந்தால் மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டுப் போகலாம். அந்த மனையை வேறொருவர் வாங்கினார். வீடும் கட்டினார். அவரை எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் வந்து கேட்கவும் இல்லை. இன்றும் மாதந்தோறும் அதே இடத்தில் நின்று படமெடுக்கிறேன். அந்த வீடும் படத்தில் விழுகிறது. ஒரு கார்த்திகையில் அவ்வீட்டு வாயிற்படியின் இரண்டாம் படிவரை தண்ணீர் நிற்பதைப் பதிவு செய்தேன். அந்தப் படத்தை எடுக்கும்போது என் மனம் நிறைவடையவில்லை. நான் வைத்திருந்த படங்கள் ஒருவருக்குப் பயன்பட்டன. மற்றவருக்குப் பயன்படவில்லை, ஏனெனில் அவை என் வீட்டு அலமாரியில் இருந்தன. அதன் பிறகு, ஏரிப் படங்களில் ஒரு பிரதியை எங்கள் பகுதி நூலகத்தில் யாரும் பார்க்கும்படி வைக்க ஏற்பாடு செய்துகொண்டேன். இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் எல்லோரும் அவ்வாறு செய்ய வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

அடுத்து, மனிதர்களைப் படமெடுப்பது பற்றி ஒரு வார்த்தை. ஊர் என்பது கட்டடங்களும் ஏரிகளும் மட்டும் அன்று. மக்களும் சேர்ந்ததே ஊர். ஆனால் பூ விற்கும் அம்மையாரும், தெருவைப் பெருக்கும் தொழிலாளரும், ரயிலில் கண்ணயரும் பயணியும் நம் படத்துக்காக அங்கே வந்தவர்கள் அல்லர். கேட்டு எடுக்க வேண்டும். வேண்டாம் என்று தலையசைத்தால் வணங்கி விலக வேண்டும். வெள்ளத்தில் பொருள் இழந்து நிற்பவரின் முகத்தை எடுக்கவே கூடாது என்பது நான் எனக்கு வகுத்துக்கொண்ட விதி. 2019ஆம் ஆண்டுக் கோடையில் தண்ணீர் லாரிக்காக வரிசையில் வைத்திருந்த குடங்களை மட்டும் எடுத்தேன். பிளாஸ்டிக்குக் குடம், எவர்சில்வர்க் குடம், கயிற்றால் கட்டிய பெயிண்டு வாளி. அவற்றை அங்கே கொண்டு வந்து வைத்தவர்களின் துன்பத்தை அவை போதுமான அளவு சொல்லின. மேலும், விமானப் படைத் தளத்தையும் அது போன்ற பாதுகாப்பு இடங்களையும் ஒட்டிப் படமெடுக்கத் தடை உண்டு. பலகையில் எழுதியிருப்பதைப் படித்து நடப்பது நம் கடமை.

எடுத்த படங்களைக் காப்பது எடுப்பதைவிடக் கடினமான வேலை. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி. கூதிர் காலத்தில் காமிராவைத் தோல் பைக்குள் பூட்டி வைத்தால், லென்சில் பூஞ்சை படர்ந்து வலைப்பின்னல் போலாகிவிடும். மூடி இறுக்கமான டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்தால் அது நெடுநாள் உழைக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தவுடன் லென்சில் பனி படியும். அதைத் துடைக்க முயலாமல், காமிராவைச் சற்று நேரம் பையிலேயே வைத்திருந்தால் வெளிவெப்பத்துக்குத் தானே இணங்கிவிடும். படங்களைக் கணினியிலும், தனியாக வேறோர் இடத்திலும் என இரண்டு பிரதிகளாக வைக்க வேண்டும். மிக முக்கியமானவற்றை அச்சிட்டுக்கொள்வது நல்லது. அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் பென்சிலால், அழுத்தாமல், நான்கு செய்திகளை எழுத வேண்டும்: இடம், நாள், நேரம், நோக்கிய திசை. பேனா மை நாளடைவில் ஊறி முன்புறத்தைக் கெடுத்துவிடும். பெயரும் நாளும் இல்லாத படம், முகவரி இல்லாத கடிதத்தைப் போன்றது; எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் சேர வேண்டிய இடத்துக்குச் சேராது.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை கூறுகிறேன். உங்கள் ஊரில் ஏரியோ குளமோ இருந்தால், ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை அன்று, ஒரே புள்ளியிலிருந்து ஒரு படம் எடுக்கும் பொறுப்பை ஒரு வகுப்புக்குத் தாருங்கள். பெரியவர் ஒருவர் துணைக்குச் செல்லட்டும். கோடை விடுமுறையிலும் அது நிற்கலாகாது. ஆண்டு முடிவில் பன்னிரண்டு படங்களையும் சுவரில் ஒட்டி, கீழே மழையளவை எழுதுங்கள். பருவக்காற்று என்னும் பாடத்தை அந்தச் சுவர் என்னைவிட நன்றாக நடத்திவிடும். அடுத்த ஆண்டு அடுத்த வகுப்பு அதே புள்ளியில் நிற்கும். பத்தாண்டில் அந்தப் பள்ளியிடம் இருக்கும் தொகுதியை, தம் ஊரின் நீர்நிலையைக் காக்க விரும்புகிற எவரும் தேடி வந்து பார்ப்பார்கள்.

பன்னிரண்டு இடங்களைப் பன்னிரண்டு மாதம் எடுத்தால் ஆண்டுக்கு 144 படங்கள். பத்தாண்டுக்கு 1,440. அச்சிட்டு அடுக்கினால் சில செருப்பு அட்டைப் பெட்டிகளில் அடங்கிவிடும். செலவு அதிகம் இல்லை. மாதத்தில் இரண்டு காலைப் பொழுதுகள் போதும். நடப்பது உடலுக்கு நல்லது; நின்று பார்ப்பது கண்ணுக்கு நல்லது. தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆயிற்று. இனி அது இன்னும் விரைவாக மாறும். மாறுவதைத் தடுக்க நம்மால் இயலாமற் போகலாம். எது எங்கே இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல நம்மால் இயலும். அன்பர்கள் தத்தம் ஊரில் இந்த மாதமே ஒரு புள்ளியைத் தேர்ந்து நின்று, முதல் படத்தை எடுத்து, அதன் பின்னால் நாளை எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.